பஸ்ஸுக்கு நிற்கும் மூன்று மரங்கள்

அண்ணி ஏழு வருஷமாக ஒரே மலையை வரைந்துகொண்டிருந்தாள். மாதத்தின் முதல் ஞாயிறு, காலை ஏழரை மணி, நீர்த்தேக்கத்தின் இந்தக் கரையில் நடுவே பிளந்துபோன அதே சிமென்ட் மேடை. மழையென்றால் குடை, காய்ச்சலென்றால் மாத்திரை. ஆரம்பத்தில் இரண்டு தடவை என் அண்ணனும் கூடப் போனான். மூன்றாம் தடவை, "எனக்குப் பதிலா நீ அந்த மலையையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். அவன் பஸ் ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் அவனுக்குப் பெரிய விஷயம்.

நானும் அண்ணியும் அச்சுக்காரர்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர்கள் அல்ல, படம் அச்சடிக்கிறவர்கள். நான் மரப்பலகையைச் செதுக்கி அச்செடுப்பேன். அண்ணிக்குச் செப்புத் தகடு. தகட்டின்மேல் மெழுகு பூசி, அதில் ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்கினால் கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். அந்தப் பள்ளங்களில் மையைத் தேய்த்து நிரப்பி, மிச்சத்தைத் துடைத்து, ஈரக் காகிதத்தை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே ஓட்டினால் படம் காகிதத்துக்கு ஏறிவிடும். பழைய டயர் கடை ஒன்றின் பின்பக்கத்து அறைகள்தான் எங்கள் பட்டறை. எவ்வளவு மை கொட்டினாலும் ரப்பர் வாசனை போகவில்லை.

மற்றவர்கள் நோட்டில் வரைந்துகொண்டு வந்து பிறகு தகட்டுக்கு மாற்றுவார்கள். அண்ணிக்கு அது ஆகாது. மெழுகு பூசிய தகட்டையே மடியில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி நேராக ஊசியை ஓட்டுவாள். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, ஊசியின் நீளத்தால் ஒவ்வொன்றையும் அளப்பாள். பாறை எத்தனை ஊசி அகலம், மரத்தின் நிழல் எத்தனை ஊசி நீளம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். காலை வெளிச்சம் அந்தச் சரிவில் எப்படி இறங்குகிறது என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

சென்ற ஜூனோடு எண்பத்து நான்கு தகடுகள் ஆயின. நகர நூலகத்தின் கூடத்தில் எல்லாவற்றையும் மாட்டலாம் என்று ஏற்பாடு. வரிசையை முடிவு செய்வதற்காகப் பட்டறையில் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். வருஷவாரியாக வேண்டாம், மாதவாரியாகப் பார்க்கலாம், வெளிச்சம் ஒத்துவரும் என்று நான்தான் சொன்னேன். ஏழு ஜூன்களையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன்.

படத்தின் இடது ஓரத்தில் ஒரு மொட்டைப் பாறை வரும். அதற்கு அடுத்தாற்போல் மூன்று மரங்கள். நாங்கள் அவற்றை 'பஸ்ஸுக்கு நிக்கிறவங்க' என்போம். மூன்றும் அப்படித்தான் நிற்கும், எட்டிப் பார்த்துக்கொண்டு, பொறுமையில்லாமல்.

"அண்ணி, பஸ் வந்துடுச்சு போல. மூணு பேரும் குனியறாங்க பாருங்க" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். அண்ணி வந்து பார்த்தாள். முதல் ஜூனில் மரங்கள் நேராக நின்றன. மூன்றாவது ஜூனில் கொஞ்சம் சாய்வு, சொன்னால்தான் தெரியும். ஏழாவதில் அடிமரம் சரிவை நோக்கிச் சாய்ந்து, நுனி மட்டும் வானத்தைத் தேடி வளைந்து நிமிர்ந்திருந்தது. பாறையின் நிழல் முன்பெல்லாம் முதல் மரத்தின் காலைத் தொடும். இப்போது தொடவில்லை. நடுவே ஒரு விரற்கடை வெளுப்பு.

அண்ணி ஊசியை எடுத்து ஒவ்வொரு படத்திலும் அளந்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்தாள். அவளுடைய அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கி, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போய்விட்டது. அந்தப் பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

"மலை நகரலைன்னா என் கை நகருதுன்னு அர்த்தம்" என்றாள். "எது நடந்தா தேவலைன்னு எனக்குச் சொல்லத் தெரியலை, உளி."

நாத்தனாரான என்னை அவள் உளி என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் காலையே மேடைக்குப் போனோம். அண்ணி கடைசித் தகட்டை எடுத்து வந்திருந்தாள். கையை நீட்டித் தகட்டைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தகட்டையும் மலையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தகட்டுல என்ன இருக்கோ அதுதான் அங்கயும் இருக்கு. என் கை சரியாத்தான் இருக்கு" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை.

மலையின் அடிவாரம் எங்கள் கரையிலிருந்து தெரியாது. தண்ணீரோரம் அடர்ந்த மரவரிசை மறைத்துவிடும். அங்கே குவாரி ஆட்களின் வீடுகளும் ஒரு பள்ளிக்கூடமும் இருப்பது அண்ணன் பேச்சிலிருந்து தெரியும். எது எங்கே இருக்கிறது என்று போய்ப் பார்த்ததில்லை. ஏழு வருஷமும் எங்களுக்கு மலையின் மேற்பாதிதான் மலை.

நீர்த்தேக்க அலுவலகத்தில் ஒரு பொறியாளர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் சொன்னதைக் கேட்டுச் சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் பல தடவை நினைத்திருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. ஏழு படங்களையும் மேஜைமேல் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"போட்டோ ஏதாவது இருக்காம்மா?"

"நான் போட்டோ எடுக்கறதில்லை சார்" என்றாள் அண்ணி.

என் போனில் சில இருந்தன. அவற்றில் அண்ணி இருந்தாள், டிபன் டப்பா இருந்தது, மலை பின்னால் புகைபோல இருந்தது.

"எந்த இடம்னு காட்டுங்க."

அண்ணி படத்தின்மேல் விரலை வைத்தாள். அவர் நகலெடுத்துக்கொண்டு, நகலின்மேல் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டார். "இதுக்கு நேர் கீழ குவாரி லைன் வீடுங்க வருது. நாப்பது குடும்பம்" என்றார். முகம் மாறிவிட்டது. "நானே நாளைக்குப் போய்ப் பார்க்கறேன்."

சொன்னபடி போனார். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். லைன் வீடுகளுக்குப் பின்னால் உள்ள தாங்குசுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பாம். "நீங்க சொன்னது சரிம்மா. நல்லவேளை வந்து சொன்னீங்க" என்றார்.

அன்று ராத்திரி மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. பட்டறையில் காகிதம் எல்லாம் தானாகவே ஈரமாகிவிட்டது. அண்ணி மையைத் தொடவில்லை. ஜன்னலோரம் நிற்பாள், தெருவில் ஓடுகிற தண்ணீரைப் பார்ப்பாள், திரும்ப வந்து உட்காருவாள். நாலாம் நாள் காலை, லைன் வீட்டு ஆட்களை வெளியேற்றச் சொல்லி உத்தரவு போட்டாயிற்று என்று பொறியாளர் சொன்னதும்தான் மூச்சு விட்டாள். ஒரு டம்ளர் டீயை முழுசாகக் குடித்தாள்.

ஒன்றே முக்கால் மணிக்கு அண்ணனிடமிருந்து போன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"உன் புண்ணியத்துல இன்னிக்கு எனக்கு ஸ்பெஷல் டூட்டி. மூணு நடையில எல்லாரையும் ஏத்திட்டு வந்து மழைக்கு லீவு விட்டிருந்த ஸ்கூல்ல விட்டாச்சு" என்றான். குரலில் ஒரே பெருமை. "எல்லாரும் என்னை என்னவோ கலெக்டர் மாதிரி பார்க்கறாங்க. படம் போட்ட அம்மாவோட வீட்டுக்காரராம் நான்."

"எல்லாரும் பத்திரமா இருக்காங்களா?"

"பத்திரம்னா பத்திரம், பெரிய கட்டடம். சமையல்கூட ஆரம்பிச்சாச்சு. இன்னொண்ணு தெரியுமா, இங்க முற்றத்துல நின்னு நிமிர்ந்தா உன் மொட்டைப் பாறை தலைக்கு மேலயே உக்காந்திருக்கு. மூணு பேரும் பக்கத்துலயே நிக்கறாங்க. வண்டியை நிறுத்தி ஏத்திக்கலாமான்னு பார்க்கறேன்."

அண்ணியின் கையில் துணி இருந்தது. அது கீழே விழுந்தது.

"எங்க நிக்கறீங்க நீங்க?"

"ஸ்கூல் முற்றத்துலதான்."

"லைன் வீடு எங்க இருக்கு?"

"அது அந்தப் பக்கக் கோடி. ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். மலையைப் பார்த்து நின்னா உன் இடது கைப்பக்கம். ஸ்கூல் வலது கைப்பக்கம். ஏன்?"

கயிற்றில் ஏழு ஜூன்களும் தொங்கிக்கொண்டிருந்தன. மொட்டைப் பாறை இடது ஓரத்தில். மேஜைமேல் தகடு கிடந்தது. அதில் மொட்டைப் பாறை வலது ஓரத்தில். நான் இரண்டையும் பார்த்தேன்.

அச்செடுத்தால் எதுவும் திரும்பித்தான் விழும். ரப்பர் முத்திரையில் எழுத்தெல்லாம் இடவலம் மாறி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அது மாதிரி. தகட்டில் வலதில் இருப்பது காகிதத்தில் இடதுக்கு வந்துவிடும். இந்த வேலையில் கால் வைத்த முதல் வாரத்தில் அதை ஒரு தடவை சொல்லுவார்கள். அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் கண் அதைத் தானாகவே திருப்பிப் போட்டுப் படிக்கும். பொறியாளரின் மேஜைமேல் படங்களைப் பரப்பியபோது அண்ணி மனசில் பார்த்தது வலதுபக்கச் சரிவை. விரல் வைத்தது இடதுபக்கத்தில். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் தோன்றவில்லை.

ஆபத்தில்லாத இடத்திலிருந்து நாற்பது குடும்பத்தைக் கிளப்பி, ஆபத்துக்கு நேர் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டோம்.

"எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க" என்றாள் அண்ணி. இரண்டாம் தடவைதான் அண்ணனுக்குக் கேட்டது.

"என்ன சொல்றே? இப்பத்தானே கொண்டு வந்து விட்டேன்."

"தப்பான இடம்ங்க. படம் திரும்பி விழும். நான் அதைச் சொல்லாம விட்டுட்டேன். சரியப்போறது அந்தப் பக்கம் இல்லை, நீங்க நிக்கற பக்கம்."

போனில் அண்ணனுக்குப் பின்னால் குழந்தைகள் ஓடியாடுகிற சத்தம் கேட்டது. "நான் சொன்னா எவன் கேப்பான். அந்த இன்ஜினியர்கிட்ட பேசு. வண்டியை ஸ்டார்ட் பண்ணியே வைக்கறேன்" என்றான்.

பொறியாளர் மூன்றாவது முயற்சியில்தான் எடுத்தார். அண்ணி சொல்லி முடிக்கும்வரை கேட்டார்.

"அம்மா, நான் போய் என் கண்ணால பார்த்தேன். சுவர் வெடிச்சிருக்கு."

"அந்தச் சுவர் எதனால வெடிச்சுதுன்னு எனக்குத் தெரியாது சார். நான் வரைஞ்சது அந்த இடத்தை இல்லை."

"அன்னிக்கு இந்தப் பக்கம்னீங்க, இன்னிக்கு அந்தப் பக்கம்ங்கறீங்க. நாளைக்கு?"

"உங்க கோபம் நியாயம்தான் சார்."

"கோபம் இல்லைம்மா." அவர் குரல் தாழ்ந்தது. "நூத்தி அறுபத்தோரு பேர். கொட்டற மழையில மறுபடி எங்க கொண்டு போவேன்? திரும்ப லைன் வீட்டுக்கா? அந்தச் சுவர் விழுந்தா யார் பதில் சொல்றது? நான் ஸ்கூலுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். உங்ககிட்ட என்ன இருக்கோ அதை எடுத்துக்கிட்டு வாங்க."

என்னிடம் இருந்தது ஸ்கூட்டர். அண்ணி தகட்டைத் துணியில் சுற்றி, மழைக்கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகிற சாலை. முகத்தில் மழை ஊசியாகக் குத்தியது. இரண்டு இடங்களில் தண்ணீர் சாலையைக் கடந்து ஓடியது, தெளிந்த தண்ணீர். பள்ளிக்கூடத்துக்கு அரை கிலோமீட்டர் முன்னால் மூன்றாவது ஓடை வந்தது. அது பாலூற்றிய டீபோலக் குழம்பி ஓடியது. அண்ணி என் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

பள்ளிக்கூடம் வந்தது. போனில் நூற்று அறுபத்தோரு பேர் என்பது ஒரு கணக்கு. அங்கே அது கூட்டம். தாழ்வாரம் முழுக்க ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். வகுப்பறை பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் குழந்தைகளைத் தூங்கவைத்திருந்தார்கள். பின்கட்டில் அண்டாவில் சோறு கொதித்தது. ஒரு பெண் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்துத் தலை சீவிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குப் பயம் போய்விட்டிருந்தது. காலையில் பயந்துவிட்டு, மத்தியானம் பத்திரமான இடத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் அவர்கள்.

பொறியாளர் குடைக்குக் கீழே நின்றார். அண்ணி தகட்டை எடுத்து நீட்டினாள்.

"நான் மலையைப் பார்த்து நேரா கீறினது இது. இது திரும்பாது சார். பிடிச்சுப் பாருங்க."

அவர் கையை நீட்டிப் பிடித்து நிமிர்ந்தார். ஒன்றும் தெரியவில்லை. மேகம் பாதி மலையை மூடியிருந்தது. பள்ளிக்கூடத்தின் கூரைக்கு மேலே வெறும் வெள்ளை.

காத்திருந்தோம். ஐந்து நிமிஷமோ பத்தோ. குழம்பிய தண்ணீர் பள்ளிக்கூடத்தின் பக்கவாட்டுக் கால்வாயில் நிரம்பி முற்றத்துக்குள் வழிந்து, என் செருப்பை நனைத்தது. எங்கேயோ மேலே, விரலை நெட்டி முறிக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டதா என்று அண்ணியைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

காற்று திரும்பியது. மேகம் இழுபட்டு விலக, பாறை வெளியே வந்தது. தகட்டில் இருந்த அதே மொட்டைப் பாறை, அதே பக்கத்தில். பொறியாளர் தகட்டைக் கொஞ்சம் தாழ்த்தி, மறுபடி உயர்த்தினார்.

"இதுல மூணு மரம் இருக்கே" என்றார்.

மேலே இரண்டுதான் இருந்தன. மூன்றாவது நின்ற இடத்தில் பச்சைச் சரிவில் ஒரு சிவப்புக் கீறல், நகத்தால் கீறிய மாதிரி.

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நான் பார்த்தேன், மூணும் இருந்துச்சு" என்றான் அண்ணன் பின்னாலிருந்து.

பொறியாளர் தகட்டை அண்ணியிடம் கொடுத்தார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து ஊதினார்.

எழுந்திருக்க யாருக்கும் மனசில்லை. குவாரியில் வெடி வைக்கிற ஒரு மனிதர், எல்லாரும் வெடிக்காரர் என்று கூப்பிட்டார்கள், தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"காலைல யாரோ ஒரு அம்மா படம் காட்டினாங்கன்னு வீட்டைவிட்டுக் கிளப்பினீங்க. இப்பப் படத்தைத் திருப்பிப் பிடிச்சோம்ங்கறீங்க. எங்களை என்ன, காகிதம்னு நினைச்சீங்களா?"

அண்ணி அவர் முன்னால் போய் நின்றாள். "அந்த அம்மா நான்தான். தப்பு என்னோடது. அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. இப்ப எழுந்திருங்க."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். எழுந்து, பின்கட்டுக்குப் போய், மலைப்பக்கத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்தார். பிறகு காதை வைத்தார். பாறைக்குள் என்ன நடக்கிறது என்று முப்பது வருஷம் காது கொடுத்துக் கேட்டவர். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அடுப்பை அணைக்க நிக்காதீங்க, ஒண்ணையும் எடுக்காதீங்க. குழந்தைங்களை மட்டும் தூக்குங்க" என்றார். சத்தம் போடவில்லை. ஆனால் அந்தக் குரலுக்கு எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

நீர்த்தேக்கத்தின் பம்ப் ஹவுஸ் மூன்று கிலோமீட்டரில் இருந்தது. நடக்க முடிந்தவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம், இப்போதே நடங்கள் என்று பொறியாளர் சொன்னார். முதல் நடையில் வயசானவர்கள், கைக்குழந்தைக்காரிகள், ஒரு நிறைமாதக்காரி. அண்ணன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் போனான். நானும் அண்ணியும் ஆளுக்கு இரண்டு குழந்தைகளைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். என் இடது கையில் இருந்த பெண், "அக்கா, ஏன் ஓடறோம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். மழை வருது, அதான் என்றேன். "மழைதான் காலைலேருந்து வருதே" என்றாள்.

பஸ் திரும்பி வந்து இரண்டாம் நடை ஏற்றிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. கடைசியாகப் பொறியாளரும் வெடிக்காரரும் வகுப்பறை வகுப்பறையாகப் பார்த்துவிட்டு ஓடி வந்து சேர்ந்துகொண்டார்கள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நாங்கள் சாலையின் வளைவைத் தாண்டியிருந்தோம். இடி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற சத்தம், நிற்காமல், கூடிக்கொண்டே போகிற மாதிரி. காலடியில் தார்ச்சாலை அதிர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மொட்டைப் பாறை உட்கார்ந்த நிலையிலேயே இறங்கி வந்தது. மரங்கள் கொஞ்ச தூரம் நின்றுகொண்டே வந்தன. பிறகு கூரை, பிறகு மண். பள்ளிக்கூடத்தின் பின்கட்டும் நான்கு வகுப்பறைகளும் இருந்த இடத்தில் சிவப்பாக ஏதோ ஆவி விட்டுக்கொண்டிருந்தது. முன்தாழ்வாரம் மட்டும் மிஞ்சியது. அதில் காயப் போட்ட துணிகள் அப்படியே தொங்கின.

யாரும் கத்தவில்லை. குழந்தைகள்கூட அழ மறந்துவிட்டன.

பம்ப் ஹவுஸில் தலை எண்ணினார்கள். நூற்று அறுபது.

மறுபடி எண்ணினார்கள். நூற்று அறுபது.

யார் இல்லை என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆயிற்று. லைன் வீட்டின் கடைசி வீட்டுக்காரி, தனிக்கட்டை, ஐம்பது வயது. மத்தியானம் தாழ்வாரத்தில் பார்த்ததாக ஒருத்தி சொன்னாள். பின்கட்டில் அண்டா கிளறிக்கொண்டிருந்ததாக இன்னொருத்தி சொன்னாள். பொறியாளர் சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்தார். "எல்லா ரூமும் பார்த்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. மழைக்கோட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று சாலையையே பார்த்தாள். பக்கத்தில் போய்க் கையைத் தொட்டேன். மரக்கட்டை மாதிரி இருந்தது. "ஒரு வார்த்தை, உளி. அன்னிக்கு அந்த ஆபீஸ்ல ஒரே ஒரு வார்த்தை" என்றாள்.

அண்ணனும் வெடிக்காரரும் பஸ்ஸை எடுத்துக்கொண்டு லைன் வீடுகளின் பக்கம் சுற்றிப் போய்ப் பார்ப்பதாகக் கிளம்பினார்கள். அந்த நாற்பது நிமிஷத்தைப் பற்றி என்னால் எதுவும் எழுத முடியாது. யாரோ கொடுத்த டீ ஆறிப்போனது மட்டும் நினைவிருக்கிறது.

பஸ் திரும்பி வந்தபோது முன் சீட்டில் அவள் இருந்தாள். மடியில் ஒரு கோழிக்கூடை. "அத்தனை பேர் நடுவுல எனக்கு மூச்சு முட்டுச்சு. கோழிக்கும் தீனி வைக்கலை. பன்னெண்டு மணிக்கே நடந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டேன். இவங்க வந்து கதவைத் தட்டறவரைக்கும் தூங்கிட்டேன்" என்றாள். வெடித்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவள் கட்டில். சுவர் அப்படியே நின்றிருந்தது.

அண்ணி அவளிடம் போய் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "கோழி கொத்தும்மா, கையை எடு" என்றாள்.

விசாரணை வந்தது. பொறியாளர் அண்ணியின் பெயரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். எப்படியோ கடைசியில் எல்லாரும் தப்பித்தார்களே, அதை மட்டும் சொன்னால் போதும் என்றார். அண்ணி கேட்கவில்லை. படத்தைக் காட்டியது, விரல் வைத்தது, திரும்பி விழும் என்பதைச் சொல்லாமல் விட்டது, எல்லாவற்றையும் நாலு பக்கத்துக்குத் தன் கையால் எழுதிக் கொடுத்தாள். பத்திரிகையில் அவளைப் புகழ்ந்து எழுதினார்கள். அதை அவள் படிக்கவில்லை.

நூலகத்துக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஐந்து மாதம் அவள் ஊசியைத் தொடவில்லை. அவளைத் தொட்டது வேறு பயம். பஸ் ஸ்டாப்பில் நின்றால் எதிர் வீட்டுச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்ப்பாள். ஒரு நாள் பட்டறை வாசலில் எனக்கு வழி சொல்லும்போது, "இடது பக்கம் திரும்பு" என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டாள். தன் கையைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் மிச்சத்தைச் சொன்னாள். தெரியாதவர்கள் பட்டறைக்கு வர ஆரம்பித்தார்கள். தங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டின் போட்டோவைக் காட்டி, "இது நகருதான்னு பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்லி அனுப்புவாள். அனுப்பிவிட்டு அன்று சாப்பிட மாட்டாள்.

டிசம்பரின் முதல் ஞாயிறு, அவளாகவே தகட்டுக்கு மெழுகு பூசியதைப் பார்த்தேன். ஸ்கூட்டரை எடுத்தேன். அண்ணனும் எழுந்து வந்தான், அந்த மலையிடம் அவளைத் தனியாக விட அவனுக்கு இஷ்டமில்லை.

வெயில் நன்றாக இருந்தது. சரிவின் வலது பாதி சிவப்பாக, தோலுரித்த மாதிரி கிடந்தது. இடது பாதியில் எப்போதும்போலப் பச்சை. அண்ணி மேடையில் உட்கார்ந்து கையை நீட்டி அளந்தாள். ஒரு கோடு போட்டாள். நிறுத்தினாள். அடுத்தது போட வெகுநேரம் ஆயிற்று.

பின்னால் ஒரு பெண் வந்து நின்றாள். லைன் வீட்டுப் பெண், இந்தக் கரையில் கட்டிக் கொடுத்திருந்த தகரக் கொட்டகைகளில் இப்போது இருக்கிறாள். இடுப்பில் குழந்தை.

"நாங்க எங்க வீட்டுக்குத் திரும்பிப் போகலாமாம்மா? ஆபீஸ்ல போகலாம்ங்கறாங்க. நீங்க சொன்னாத்தான் போவேன்."

அண்ணி ஊசியைத் தாழ்த்தினாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "அந்தப் பக்கத்தை நான் சரியாப் பார்த்ததே இல்லை. இனிமேதான் பார்க்கணும். ஒரு வருஷமாவது ஆகும்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குழந்தையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, மேடையின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.